வெஸ்ட் பாயிண்ட் பேட்ச் சின்னம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ராணுவ அகாடமியில் படித்தவர்களின் மோதிரத்தைப் பார்த்ததும் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன: அந்தக் கழுகு ஏன், அந்த வாள் ஏன், இந்த எண்ணுக்கு என்ன பொருள். அவற்றை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தியிருக்கிறோம். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கும் வெஸ்ட் பாயிண்ட், அதாவது அந்த ராணுவ அகாடமிதான் இந்தப் பக்கத்தின் மையம். அனாபலிஸில் உள்ள கடற்படை அகாடமியும் கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள விமானப்படை அகாடமியும் வேறுபடும் இடங்களில் மட்டும் அவற்றைத் தொட்டிருக்கிறோம்.

1. பேட்ச் சின்னம்னா என்ன? அகாடமி சின்னமும் அதுவும் ஒண்ணுதானே?

இரண்டும் வேறு. அகாடமி சின்னம் நிறுவனத்துக்கு உரியது. எந்த ஆண்டில் படித்தாலும் அது மாறாது. பேட்ச் சின்னம் ஒரே ஆண்டில் பட்டம் பெறப்போகிறவர்கள் தங்களுக்கென்று வரைந்துகொள்வது. 2004 பேட்ச்சுக்கு ஒன்று, 2005 பேட்ச்சுக்கு வேறொன்று.

மோதிரத்தில் நடுவே கல் இருக்கும். கல்லின் ஒரு தோளில் (கல்லை ஒட்டிய பக்கவாட்டில்) அகாடமி சின்னம், மறு தோளில் பேட்ச் சின்னம். மூன்று அகாடமிகளிலும் இதுதான் அடிப்படை அமைப்பு. யாராவது மோதிரத்தைக் காட்டி விளக்கம் கேட்டால், முதலில் எந்தத் தோளைக் கேட்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

2. மோதிரம் தவிர வேற எங்க போடுவாங்க?

பேட்ச் கொடி, நினைவு நாணயம், கடிதத் தாள், சட்டை, தொப்பி, பேட்ச் சார்பில் அகாடமிக்குக் கொடுக்கும் அன்பளிப்பின் பெயர்ப்பலகை. ஒரே வரைபடம் உலோகத்திலும் துணியிலும் தாளிலும் வர வேண்டும் என்பதால் வரைபவர்களுக்கு வரும் தலைவலியை 14-வது பதிலில் பார்க்கலாம்.

3. அகாடமி சின்னத்துல இருக்கிற தலைக்கவசம் ரோமானிய வீரனோடதா?

இல்லை. அது கிரேக்கத் தெய்வமான பல்லாஸ் அதீனாவின் தலைக்கவசம். அதீனா அறிவுக்கும் போருக்கும் சேர்த்தே தெய்வம் என்பதால் படிப்பும் படையும் ஒன்றாக இருக்கும் இடத்துக்கு அவள் பொருத்தமானாள். தலைக்கவசத்துக்குப் பின்னால் இருப்பது கிரேக்க வாள். இரண்டும் அமெரிக்க நாட்டுக் கேடயத்தின் மேல் இருக்கும். கேடயத்துக்கு மேலே சிறகு விரித்த வெண்தலைக் கழுகு, அதன் பிடியில் 13 அம்புகளும் இலைக்கிளைகளும். 13 என்பது நாட்டைத் தொடங்கிய மாநிலங்களின் எண்ணிக்கை.

இந்த வடிவம் 1898-இல் ஏற்கப்பட்டது. அகாடமியின் ஓவியப் பேராசிரியர் சார்லஸ் லார்னட் அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர். அந்தக் காலத்தில் ராணுவப் படிப்பில் ஓவியம் ஒப்புக்கு வைத்த பாடம் அல்ல. நிலத்தையும் கோட்டையையும் பார்த்து வரையத் தெரியாதவர் அதிகாரியாக முடியாது.

4. சுருள்பட்டையில இருக்கிற நீளமான ரோமன் எழுத்து என்ன?

எம், டி, மூன்று சி, இரண்டு ஐ. ஆயிரம், ஐந்நூறு, முந்நூறு, இரண்டு: 1802. அகாடமி தொடங்கியது 1802 மார்ச் 16. அதே பட்டையில் ‘டியூட்டி, ஆனர், கன்ட்ரி’ (கடமை, மானம், நாடு) என்ற மூன்று சொற்களும் இடத்தின் பெயரும் இருக்கும். இது அகாடமி சின்னத்தின் ஆண்டு. பேட்ச் சின்னத்தில் இருப்பது பட்டம் பெறும் ஆண்டு. ஒரே மோதிரத்தில் இரண்டு ஆண்டுகள் இருப்பதற்கு இதுதான் காரணம்.

5. ஒரு படத்துல கழுகு இடப்பக்கம் பாக்குது, இன்னொண்ணுல வலப்பக்கம் பாக்குது. எது டூப்ளிகேட்?

இரண்டுமே அசலாக இருக்கலாம். 1898 வரைபடத்தில் கழுகின் தலையும் அதீனாவின் கவசமும் நாம் பார்க்கும்போது வலப்பக்கம் திரும்பியிருந்தன. கேடய மரபில் (கேடயச் சின்னங்கள் வரையும் முறையில்) பக்கங்களைக் கேடயம் ஏந்தியவரின் கையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அவருடைய வலம் நமக்கு இடம். வலம்தான் மதிப்புக்குரிய பக்கம். அப்படிப் பார்த்தால் 25 ஆண்டுகளாகக் கழுகு தாழ்ந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போர்த் துறையில் இருந்த கேப்டன் ஜார்ஜ் சாண்ட்லர் இதைச் சுட்டிக்காட்ட, 1923-இல் இரண்டையும் திருப்பிவிட்டார்கள். அதன்பிறகு வந்தவற்றில் கழுகும் கவசமும் நமக்கு இடப்பக்கம் பார்க்கும். பழைய மோதிரத்துக்கோ அச்சுக்கோ காலம் கணிக்க இது நல்ல அடையாளம். ஆனால் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிட்ட படங்களும் இணையத்தில் உலவுகின்றன. எழுத்துகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

6. போர் நடந்தா கழுகு அம்புப் பக்கம் தலையைத் திருப்புமாமே?

பரவலாக நம்பப்படும் கதை, ஆனால் உண்மை இல்லை. 1782-இல் ஏற்கப்பட்ட அமெரிக்க நாட்டு முத்திரையில் கழுகு அன்றிலிருந்து இன்றுவரை ஆலிவ் கிளைப் பக்கம்தான் பார்க்கிறது. எத்தனையோ போர்கள் வந்து போயும் தலை திரும்பவில்லை. கதைக்கு விதை போட்டது குடியரசுத் தலைவரின் முத்திரையாக இருக்கலாம். அதில் முன்பு கழுகு அம்புப் பக்கம் பார்த்தது. 1945 அக்டோபரில் அப்போதைய குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஒரு ஆணை பிறப்பித்து அதை ஆலிவ் பக்கம் திருப்பினார். போர் முடிந்த ஆண்டு என்பதால் மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

எனவே ஒரு பேட்ச் சின்னத்தில் கழுகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்து அந்த பேட்ச் போர்க்காலத்ததா அமைதிக்காலத்ததா என்று ஜோசியம் சொல்ல முடியாது.

7. பேட்ச் சின்னத்துல கண்டிப்பா இருக்க வேண்டியது என்னென்ன?

விமானப்படை அகாடமியில் இதற்குத் தெளிவான மரபு உண்டு: பேட்ச்சின் வரிசை எண், பட்டம் பெறும் ஆண்டு, கழுகு, துருவ நட்சத்திரம். 1959-இல் பட்டம் பெற்றதுதான் அங்கே முதல் பேட்ச், அதனால் வரிசை எண்ணை அங்கிருந்து எண்ணுவார்கள். துருவ நட்சத்திரம் திசை காட்டுவது. வானத்தில் வழி தேடுகிறவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

வெஸ்ட் பாயிண்ட் சின்னங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கழுகு, வாள், நாட்டுக் கொடி, ஆண்டு எண், அகாடமியின் பெயர்ச் சுருக்கம், வாசகம் ஆகியவை அடிக்கடி வரும். வித்தியாசம் காட்டுவது இவற்றை அடுக்கும் விதத்தில்தான். அனாபலிஸில் நங்கூரம், கப்பல், திரிசூலம் என்று கடல் வாடை கூடுதல். அங்கே அகாடமி சின்னமே திரிசூலம் ஏந்திய கை, பழங்காலத் துடுப்புக் கப்பல், விரித்த புத்தகம் ஆகியவற்றால் ஆனது. பார்க் பெஞ்சமின் வடிவமைத்து 1899-இல் ஏற்கப்பட்டது.

8. யார் வரைவாங்க? எப்போ?

வெஸ்ட் பாயிண்டில் முதலாண்டு கேடட்டுக்கு (பயிற்சி மாணவருக்கு) ‘பிளீப்’ என்று பெயர். பிறகு யேர்லிங், கௌ, கடைசியில் ஃபர்ஸ்டி. சின்னமும் வாசகமும் பிளீப் காலத்திலேயே முடிவாகிவிடும். பேட்ச்சுக்குள் ஒரு குழு அமையும், வரையத் தெரிந்தவர்கள் படம் கொடுப்பார்கள், தேறியவற்றை வாக்குக்கு விடுவார்கள், கடைசியில் நிர்வாகம் ஒப்புதல் தரும்.

இந்தக் கால வரிசை முக்கியம். பதினெட்டு, பத்தொன்பது வயதில், சேர்ந்த சில மாதங்களில், இன்னும் எதையும் சாதிக்காத நிலையில் வரைந்த சின்னம் அது. பட்டம் பெற்ற பிறகு அந்த பேட்ச் சந்தித்த போரையோ இழந்த நண்பர்களையோ அதில் தேடினால் கிடைக்காது. ‘இந்த நட்சத்திரங்கள் வீரமரணம் அடைந்த பேட்ச் தோழர்கள்’ என்ற வகை விளக்கம் கண்ணில் பட்டால், பெரும்பாலும் யாரோ பிற்பாடு ஒட்டவைத்தது.

9. வாசகம் எல்லாம் ஏதோ சினிமா பஞ்ச் மாதிரி இருக்கே, ஏன்?

ஆண்டு எண்ணோடு ஓசை ஒத்துப்போக வேண்டும் என்று ஒரு மரபு இருக்கிறது. 2002 பேட்ச்: ‘பிரைட் இன் ஆல் வி டூ’, டூ என்பது இரண்டு. 2003: ‘புரொடெக்டர்ஸ் ஆஃப் த ஃப்ரீ’, த்ரீயோடு ஒலிக்கும். 2004: ‘ஃபார் கன்ட்ரி அண்ட் கோர்’, ஃபோர். 2005: ‘கீப்பிங் ஃப்ரீடம் அலைவ்’, ஃபைவ். 2008: ‘நோ மிஷன் டூ கிரேட்’, எய்ட். அணிவகுப்பில் ஆண்டைச் சொல்லி வாசகத்தைக் கத்தும்போது இயைபு இருந்தால் தொண்டைக்கு எளிது.

வாசகத்தின் கருத்தை அலசும்போது இதை மறக்கக் கூடாது. ‘ஃப்ரீடம்’ அங்கே ஏன் வந்தது என்பதற்குக் காலச் சூழலும் காரணமாக இருக்கலாம்: 2005 பேட்ச் 2001 கோடையில் சேர்ந்தது, செப்டம்பர் 11 தாக்குதலின்போது அவர்கள் பிளீப்கள். ஆனால் வரி ‘அலைவ்’ என்று முடிவதற்குக் காரணம் ஐந்து என்ற எண்தான்.

10. கறுப்பு, தங்கம், சாம்பல். இந்த மூணு நிறம் எதுக்கு?

வெடிமருந்து. கரி கறுப்பு, கந்தகம் மஞ்சள், வெடியுப்பு சாம்பல். மூன்றையும் அளவாகக் கலந்தால் அந்தக் காலத் துப்பாக்கி மருந்து. அகாடமியின் நிறங்கள் இவைதான், பேட்ச் கொடிகளிலும் துணிப் பட்டைகளிலும் தலைகாட்டும்.

விமானப்படை அகாடமியில் பேட்ச்சுக்கே நிறம் உண்டு. முதல் நான்கு பேட்ச்கள் நீலம், வெள்ளி, தங்கம், சிவப்பு என்று எடுத்துக்கொண்டன (1959 முதல் 1962 வரை). அதே நான்கும் சுழற்சியில் வருகின்றன. ஆண்டிலிருந்து 1959-ஐக் கழித்து நான்கால் வகுத்துப் பாருங்கள். மீதி பூஜ்யம் என்றால் நீலம், ஒன்று வெள்ளி, இரண்டு தங்கம், மூன்று சிவப்பு.

11. மோதிரத்துல கலரே இல்ல. ஆனா கேடயத்துல சின்னச் சின்னக் கோடு, புள்ளி இருக்கே, அது டிசைனா?

அழகுக்குப் போட்டதாகவும் இருக்கலாம், நிறத்தைச் சொல்லும் குறியாகவும் இருக்கலாம். நிறம் பூச முடியாத உலோகத்திலும் கல்லிலும் நிறத்தைக் காட்ட 17-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் ஒரு முறை வந்துவிட்டது. புள்ளிகள் என்றால் தங்கம். வெறுமையாக விட்டால் வெள்ளி அல்லது வெள்ளை. செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், சாய்ந்த கோடு பச்சை, கட்டம் கட்டமாகக் குறுக்கே வெட்டினால் கறுப்பு.

அமெரிக்கக் கேடயத்தை நெருங்கிப் பாருங்கள். மேல் பட்டையில் கிடைக்கோடுகள் இருந்தால் அது நீலம். கீழே பட்டைகளில் ஒன்றுவிட்டு ஒன்று செங்குத்துக் கோடுகள் நிரம்பியிருந்தால் அவை சிவப்பு, இடையில் வெறுமையானவை வெள்ளை. பல ஆண்டுகள் தேய்ந்த மோதிரத்தில் முதலில் மழுங்குவது இந்த மெல்லிய கோடுகள்தான், பிறகு எல்லாம் வழவழப்பாகத் தெரியும்.

12. இறகு எத்தனை, நட்சத்திரம் எத்தனைன்னு எண்ணிப் பாத்தா அர்த்தம் இருக்குமா?

சில எண்களுக்கு உண்டு, பலவற்றுக்கு இல்லை. 13 வந்தால் பெரும்பாலும் மாநிலங்கள். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை இலை எண்ணிக்கையிலோ கதிர் எண்ணிக்கையிலோ ஒளித்து வைப்பது வரைபவர்களுக்குப் பிடித்த விளையாட்டு. அப்படி வைத்திருந்தால் பேட்ச் வெளியிடும் விளக்கக் குறிப்பில் அதைச் சொல்லியிருப்பார்கள்.

குறிப்பில் இல்லாததை எண்ணிக் கண்டுபிடிப்பது ஆபத்து. கழுகின் இறகு எண்ணிக்கையைப் பல நேரம் தீர்மானிப்பது அச்சு செய்யும் பட்டறை. தாளில் 40 இறகு இருந்தால் உலோகத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் அவர்கள் பாதியாகக் குறைத்திருப்பார்கள். கொடியில் 50 நட்சத்திரத்துக்கு இடம் ஏது? ஏழோ ஒன்பதோ போட்டு ‘இது கொடி’ என்று காட்டிவிடுவார்கள். அந்த ஏழுக்கு உட்பொருள் கற்பிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறோம், பாவம். வாள் நுனி மேலே இருந்தால் ஆயத்தம், கீழே இருந்தால் ஓய்வு என்ற விளக்கத்தையும் அதே எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இடநெருக்கடி பல வாள்களைத் திருப்பியிருக்கிறது.

13. சின்னத்துல கொடி தொங்குற விதம் தப்பா தெரியுது. நட்சத்திரம் வலப்பக்கம் வரலாமா?

தொங்கவிட்ட கொடி என்றால் வரக் கூடாது. அமெரிக்கக் கொடி விதிப்படி சுவரில் கிடையாக வைத்தாலும் செங்குத்தாகத் தொங்கவிட்டாலும் நட்சத்திர நீலம் மேலேயும் பார்ப்பவருக்கு இடப்பக்கமும் இருக்க வேண்டும். கிடையாக இருக்கும் படத்தை அப்படியே 90 பாகை சுழற்றிவிட்டால் வலஞ்சுழியில் நீலம் வலப்பக்கம் போய்விடும். பெரும்பாலான பிழை இப்படித்தான் வருகிறது.

கம்பத்தில் பறக்கும் கொடி வேறு கணக்கு. நீலப் பகுதி எப்போதும் கம்பத்தை ஒட்டியே இருக்கும், கம்பம் வலப்பக்கம் இருந்தால் நீலமும் அங்கேதான். சீருடையின் வலத் தோளில் கொடி ‘திரும்பி’ இருப்பதும் இதே காரணத்தால்: வீரர் முன்னேறும்போது கம்பம் முன்னே, துணி பின்னே என்று கற்பனை. ஆகவே கம்பம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

14. எங்க பசங்க ஒரு பேட்ச் சின்னம் வரையப்போறாங்க. எதைக் கவனிக்கணும்?

கடைசி அளவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். மோதிரத் தோளில் கிடைக்கும் அகலம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். பத்து மடங்கு பெரிதாக, அதாவது 10 செ.மீ. அகலத்தில், கறுப்பு வெள்ளையில் மட்டும் வரையுங்கள். புடைத்து நிற்கும் கோடு உலோகத்தில் 0.2 மி.மீ.க்குக் குறைந்தால் தேறாது, எனவே தாளில் 2 மி.மீ.க்கு மெல்லிய கோடு கூடாது. எழுத்து உயரம் உலோகத்தில் 1 மி.மீ. வேண்டும், தாளில் 1 செ.மீ. இப்போது வாசகத்தை எண்ணுங்கள். 20 எழுத்து ஒரே வரியில் என்றால் எழுத்துக்கு அரை மி.மீ. அகலம்தான் வரும், யாராலும் படிக்க முடியாது. பட்டையை வளைத்து நீளம் கூட்ட வேண்டும், அல்லது மோதிரத்தில் ஆண்டை மட்டும் வைத்து வாசகத்தைக் கொடிக்கு ஒதுக்க வேண்டும்.

அடுத்தது அடுக்கு. கழுகு, வாள், கொடி, கவசம், கட்டடம், ஆறு, மலை என்று ஆளுக்கொன்று சேர்த்துக்கொண்டே போவதுதான் குழுக்களின் வழக்கமான வியாதி. பெரிய உருவம் ஒன்று, துணை உருவம் இரண்டு, எண் ஒன்று. அதற்கு மேல் போனால் கைநீட்டு தூரத்தில் வெறும் சொரசொரப்பாகத்தான் தெரியும். வரைந்ததை அசல் அளவில் அச்செடுத்து, பார்க்காத ஒருவரிடம் காட்டி ‘என்ன தெரிகிறது’ என்று கேளுங்கள். கழுகைக் கோழி என்றால் திரும்ப வரையுங்கள்.

பட்டறைக்குப் போகும் முன் இன்னும் சில. மூக்கு, கைப்பிடி போன்ற துருத்தல்கள்தான் முதலில் தேயும், ஆண்டு எண்ணை அவற்றுக்குக் கீழான தளத்தில், சுற்றிலும் வரம்பு வைத்துப் போட்டால் முப்பது ஆண்டு கழித்தும் படிக்கலாம். உலோக அச்சில் அடிப்பதாக இருந்தால் சுவர்கள் சற்றுச் சாய்வாக இருக்க வேண்டும், உள்வளைவு இருந்தால் உலோகம் அச்சிலிருந்து கழன்று வராது. மெழுகு வார்ப்பில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் மெழுகும் உலோகமும் ஆறும்போது சுருங்கும், எழுத்து இன்னும் குறுகும். துணியில் தைக்க ஒரு தனிப் படம் வைத்துக்கொள்ளுங்கள், 5 மி.மீ.க்குக் குறைந்த எழுத்து நூலில் அடைத்துக்கொள்ளும். வண்ணப் படத்தில் தங்கத்தின் மேல் வெள்ளியோ நீலத்தின் மேல் கறுப்போ வைக்காதீர்கள். கேடய மரபில் இது பழைய விதி, தூரத்திலிருந்து பார்த்தாலே காரணம் புரியும்.

15. மோதிரத்தை எந்தப் பக்கம் வெச்சுப் போடணும்?

வெஸ்ட் பாயிண்ட் மரபு இது: பட்டம் பெறும்வரை பேட்ச் சின்னம் அணிபவரின் பக்கம், அதாவது இதயத்துக்கு அருகில். பட்டம் பெற்றதும் மோதிரத்தைத் திருப்பி அகாடமி சின்னத்தை உள்பக்கம் கொண்டுவருவார்கள். படிக்கும்போது நெருக்கம் பேட்ச்சோடு, பிறகு அகாடமியோடு என்று விளக்கம் சொல்வார்கள். பிற்காலத்தில் தம் இஷ்டப்படி போடுகிறவர்களும் உண்டு.

16. எல்லா பேட்ச்சுக்கும் மோதிரம் இருக்கா?

1835-இல் தொடங்கிய வழக்கம். அமெரிக்கக் கல்லூரிகளில் பேட்ச் மோதிரத்துக்கு முன்னோடி வெஸ்ட் பாயிண்ட்தான். விதிவிலக்கு இரண்டு. 1836 பேட்ச் மோதிரம் போடவில்லை. 1879 பேட்ச் மோதிரத்துக்குப் பதிலாகச் சட்டைக் கை பொத்தான்களை எடுத்துக்கொண்டது. ஆரம்ப காலத்து மோதிரங்கள் பேட்ச்சுக்கு பேட்ச் வெகுவாக மாறுபடும், அதனால் 1-வது பதிலில் சொன்ன ‘ஒரு தோளில் இது, மறு தோளில் அது’ அமைப்பை 19-ஆம் நூற்றாண்டு மோதிரத்தில் எதிர்பார்க்காதீர்கள். அகாடமி நூலகத்தில் பழைய மோதிரங்களின் தொகுப்பு இருக்கிறது.

17. செத்துப்போனவங்க மோதிரத்தை உருக்கிப் புது மோதிரத்துல கலக்குறாங்களாமே, நிஜமா?

நிஜம். மறைந்த பட்டதாரிகளின் மோதிரத்தைக் குடும்பத்தார் விரும்பிக் கொடுத்தால், அவற்றை ஒன்றாக மூசையில் இட்டு உருக்கி, அந்தத் தங்கத்தை அடுத்து வரும் பேட்ச்சின் மோதிரங்களுக்கான தங்கத்தோடு சேர்ப்பார்கள். முதலில் பெற்றது 2002 பேட்ச், அப்போது வந்தவை 31 மோதிரங்கள். ஒவ்வோர் உருக்கிலிருந்தும் சிறிது எடுத்து வைத்து அடுத்த உருக்கில் சேர்ப்பதால் பழைய தங்கம் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும்.

சின்னத்தைப் பற்றிய பக்கத்தில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உருக்கும்போது அழிவது பழைய பேட்ச்சின் சின்னம். கொடுப்பவர்கள் அதைத் தெரிந்தேதான் கொடுக்கிறார்கள். உருக்குவதற்கு விருப்பமில்லாதவர்கள் மோதிரத்தை நூலகத் தொகுப்புக்குத் தருவதுண்டு, குடும்பத்திலேயே வைத்துக்கொள்வதும் உண்டு.

18. தாத்தா 1943-ல பாஸ் ஆனாராம். 1943-ன்னு ரெண்டு பேட்ச் காட்டுதே?

இரண்டும் சரி. இரண்டாம் உலகப் போரில் அதிகாரிகள் அவசரமாகத் தேவைப்பட்டதால் நான்காண்டுப் படிப்பை மூன்றாகச் சுருக்கினார்கள். 1943 ஜனவரியில் ஒரு பேட்ச், ஜூனில் இன்னொரு பேட்ச் பட்டம் பெற்றது. ஜூன் பேட்ச் இயல்பாக 1944-இல் வெளிவர வேண்டியவர்கள். மாதத்தைச் சேர்த்துச் சொன்னால்தான் எது என்று தெரியும்.

முதல் உலகப் போரிலும் இப்படி நடந்தது. 1917-இல் ஏப்ரலில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. 8-வது பதிலில் சொன்னபடி சின்னம் ஆரம்பத்திலேயே முடிவாகும் என்பதால், இதுபோன்ற காலத்துப் பொருள்களில் ஆண்டு எண்ணும் பட்டச் சான்றிதழும் பொருந்தாவிட்டால் உடனே போலி என்று ஒதுக்க வேண்டாம்.

19. ஒருத்தர் உடம்பு சரியில்லாம ஒரு வருஷம் பின்தங்கிட்டா எந்தச் சின்னம்?

யாரோடு பட்டம் பெறுகிறாரோ அந்த பேட்ச்சின் சின்னம். முதலில் சேர்ந்த பேட்ச்சோடு நட்பு தொடரலாம், மோதிரம் தொடராது.

20. பட்டமளிப்புல கிழவர்கள் வந்து எதையோ குடுக்குறாங்க. அவங்க சின்னமும் சேர்ந்து வருதே?

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பட்டம் பெற்ற பேட்ச், இப்போதைய பேட்ச்சுக்குத் துணை பேட்ச்சாக இருக்கும் ஏற்பாடு அது. 1968 என்றால் 2018-க்கு. பட்டம் பெறும்போது இளையவர்கள் அணியப்போகும் இரண்டாம் லெப்டினன்ட் பதவிப் பட்டைகளை மூத்தவர்கள் அன்பளிப்பாகத் தருவார்கள். அதனால்தான் நினைவுப் பொருள்களில் இரண்டு ஆண்டு எண்களும் இரண்டு சின்னங்களும் சேர்ந்து வருகின்றன. சின்னம் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

21. ஏலத்துல ஒரு மோதிரம் வந்திருக்கு. சின்னத்தை வெச்சு அசலான்னு சொல்ல முடியுமா?

சின்னம் மட்டும் போதாது, ஆனால் போலியை விலக்க உதவும். ஆண்டு எண்ணைப் படித்து, அந்த பேட்ச்சின் சின்னப் படத்தோடு ஒப்பிடுங்கள். அகாடமி பக்கத்தில் கழுகின் திசை அந்த ஆண்டுக்குப் பொருந்துகிறதா என்று 5-வது பதிலை வைத்துப் பாருங்கள். உள்வளையத்தில் பெயர், தங்கத் தரம், செய்தவரின் குறி இருக்கின்றனவா என்று பாருங்கள். 14 காரட் என்றால் தங்கம் 58.3 சதவீதம், 10 காரட் என்றால் 41.7. எடை வழக்கத்துக்கு மாறாக லேசாக இருந்தால் சந்தேகப்படலாம்.

அளவு சிறியதாக இருப்பது குற்றம் இல்லை. நிச்சயித்த பெண்ணுக்கும் தாய்க்கும் அதே சின்னத்தோடு சிறிய மோதிரம் கொடுக்கும் வழக்கம் உண்டு. தேய்மானத்தையும் கவனியுங்கள். நாற்பது ஆண்டு கையில் இருந்த மோதிரத்தில் இறகுக் கோடுகள் கத்தி போலக் கூர்மையாக இருந்தால், பெட்டியிலேயே இருந்திருக்க வேண்டும் அல்லது நேற்று வார்த்திருக்க வேண்டும். உள்ளே பெயர் இருந்தால் வாங்குவதற்கு முன் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு எழுதுங்கள், தொலைந்ததாகவோ திருடு போனதாகவோ அறிவித்திருக்கலாம்.

22. ‘கடமை, மானம், நாடு’ன்னு இருந்ததை 2024-ல எடுத்துட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

2024 மார்ச்சில் மாறியது அகாடமியின் பணி விளக்க அறிக்கை. அதில் அந்த மூன்று சொற்கள் இருந்த இடத்தில் ‘ராணுவ விழுமியங்கள்’ என்று பொருள்படும் சொல் வந்தது. குறிக்கோள் வாசகம் வேறு, பணி விளக்க அறிக்கை வேறு. சின்னத்தின் சுருள்பட்டையில் இருக்கும் மூன்று சொற்களை யாரும் தொடவில்லை.

23. நம்ம பரங்கிமலை ஓ.டி.ஏ.வுல (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) இப்படி ஆளுக்கொரு சின்னம் உண்டா?

இந்திய அகாடமிகளில் அடையாளம் கோர்ஸ் எண்ணில்தான் இருக்கிறது. ‘நீ எந்தக் கோர்ஸ்?’ என்பதுதான் அங்கே கேள்வி. சின்னம் அகாடமிக்கு ஒன்று: ஓ.டி.ஏ.வுக்குக் குறுக்கே வைத்த இரு வாள்களும் தர்மச் சக்கரமும், டேராடூன் ஐ.எம்.ஏ.வுக்கு (இந்திய ராணுவ அகாடமி) அவற்றோடு எரியும் தீப்பந்தமும். கோர்ஸ் நண்பர்கள் சேர்ந்து டி-ஷர்ட்டுக்கோ நினைவு நாணயத்துக்கோ சொந்தமாக வரைந்துகொண்டால் அது நட்பு அளவில் நிற்கும் விஷயம், வெஸ்ட் பாயிண்ட் போல நிர்வாக ஒப்புதலோடு மோதிரத்தில் ஏறுவது அல்ல.

24. இந்தச் சின்னத்தை காபி மக், சட்டையில அடிச்சு வித்தா பிரச்சினை வருமா?

வரும். அகாடமியின் பெயரும் சின்னமும் வணிகக் குறியாகப் பாதுகாக்கப்பட்டவை, விற்பனைக்கு உரிமம் வேண்டும். பேட்ச் சின்னத்திலும் அகாடமியின் பெயர்ச் சுருக்கம் இருப்பதால் ‘பேட்ச்தானே, அகாடமி இல்லையே’ என்ற வாதம் எடுபடாது. மகனோ மகளோ அங்கே படிக்கிறார், வீட்டு விழாவுக்குப் பத்து சட்டை வேண்டும் என்றாலும் பேட்ச் குழுவிடம் கேளுங்கள். சரியான படக் கோப்பையே அவர்கள் தந்துவிடுவார்கள், இணையத்தில் எடுத்த மங்கல் படத்தை வைத்துக் கழுகின் மூக்கை இழக்க வேண்டியிருக்காது.